பச்சை மையில் இருபத்தைந்து

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் இருதயசெல்வி, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் யார் தடுத்தாலும் லீவு போட்டுவிடுவாள். ரம்ஜானுக்கு மறுநாள் அது. நல்ல புடவையாக ஒன்றைக் கட்டி, ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு, பாண்டிச்சேரி பஸ் ஏறிக் கோட்டக்குப்பத்துக்குப் போவாள். "டீச்சர் பிரியாணிக்குக் கெளம்பிட்டாங்க" என்று ஆசிரியர் அறையில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அந்த வீட்டுப் பிரியாணி பதினாறு வருஷமாக அவளுக்குத் தொண்டையில் இறங்கியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது நஃபீசா பீவியின் வீடு. கல்லூரியில் இருவரும் ஒரே கபடி அணி. செல்வி கேப்டன், நஃபீசா ஓரத்தில் நின்று கால் பிடிக்கிற கார்னர். இன்றைக்கு நஃபீசாவுக்கு வலது முழங்கால் மடங்காது. முப்பத்தைந்து வயதில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் செல்வியைக் காட்டி அவள் வருஷா வருஷம் ஒரே பேச்சைப் பேசுவாள்.

"இவ தான் எங்க கேப்டன். அன்னிக்கு இவ சிக்னல் குடுக்கற வரைக்கும் பொறுத்திருந்தா என் கால் நல்லா இருந்திருக்கும். நான் தான் அவசரக்குடுக்கை. இவ என் கைய அழுத்தாதயே அழுத்தினான்னு நெனச்சிக்கினு எறங்கிட்டேன்."

செல்வி தட்டைப் பார்த்தபடி இருப்பாள். நஃபீசா பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். "சிலிண்டரை மூடினேனா இல்லையா?" என்று மகளிடம் கேட்பாள். மூடித்தான் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவையும் கேட்பாள். கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா, பாலை இறக்கிவைத்தோமா என்று அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். மறதி வியாதி என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று செல்வி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் யோசிக்க விரும்பாத விஷயங்கள் நிறைய இருந்தன.

கதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் தொடங்குகிறது. அப்போது செல்வி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தாள். அப்பா சவுரிராயன் திண்டிவனம் பக்கத்து ஊரில் மல்லாட்டைக் கொல்லைகளில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். வீட்டில் அவள் நான்காவது பெண். அவள் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்க அங்கே ஆள் கிடையாது. மைதானத்தில் அப்படி இல்லை. பதினோரு பெண்கள் அவள் சொன்னால் நின்றார்கள், சொன்னால் ஓடினார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இவள் கஞ்சி வாங்கிப் போவாள், இன்னொருத்தியின் அப்பா விளையாட விடமாட்டேன் என்றால் பஸ் பிடித்துப் போய் அவரிடம் மன்றாடுவாள். பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். அது அவளுக்கும் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

கார்னரில் நிற்கும் நஃபீசாவுக்கும் பக்கத்தில் நிற்கும் செல்விக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எதிராளி கபடி பாடி வரும்போது இருவரும் கை கோத்து நிற்பார்கள். செல்வி உள்ளங்கையை ஒரு தடவை அழுத்தினால் பொறு, இரண்டு தடவை அழுத்தினால் இறங்கு. நஃபீசா பாய்ந்து கணுக்காலைப் பிடித்த அதே மூச்சில் செல்வி இடுப்பைச் சுற்றி வளைத்துவிட வேண்டும். ஒருத்தி மட்டும் பிடித்தால், பிடித்தவளைப் பாடி வந்தவள் இழுத்துக்கொண்டே போய்விடுவாள். அந்த வருஷம் அந்தப் பிடியில் இருந்து தப்பிப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த நேரத்தில்தான் மனசை அளக்கிறேன் என்று ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். விளையாட்டு அணிகளின் மன வலிமை, தோல்வியில் இருந்து மீளும் திறன், கேப்டனின் தலைமைப் பண்பு என்று மூன்றையும் எண்ணிக்கையில் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. எடை பார்க்கிற மெஷினில் காசு போட்டால் சீட்டு விழுகிற மாதிரி மனசுக்கும் ஒரு சீட்டு விழும் என்று நம்பினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேள்வித்தாளை மட்டும் பார்த்து மனுஷரைப் பார்க்காத ரகம்.

கேப்டனைப் பற்றிய தாளில் இருபத்தைந்து கேள்விகள். 'எங்கள் தலைவர் எல்லோரையும் சமமாக நடத்துகிறார்', 'தோற்றாலும் எங்களை ஊக்கப்படுத்துகிறார்' என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றில் இருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். கொஞ்சமும் சரியில்லை என்றால் ஒன்று, முழுக்கச் சரி என்றால் ஐந்து. இதை அவர் ஒரு தடவை ஆங்கிலமும் தமிழும் கலந்து கடகடவென்று சொல்லிவிட்டார். பேர் எழுத வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சத்தியமே பண்ணினார். கேப்டன் கூட இருக்கக் கூடாது என்று செல்வியை வெளியே அனுப்பினார். அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கடைசியாக ஓடி வந்தவள் முதல் வருஷத்து லூசியா. வானூர்ப் பக்கத்துப் பெண், எல்லாவற்றிலும் கடைசி. "எனுக்கும் ஒரு பேப்பர் குடுங்க சார்" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தது வெளியே வரைக்கும் கேட்டது.

தாள்களை அந்த ஆள் உடனே கையோடு எடுத்துப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. வேறு ஒரு கல்லூரிக்கும் போக வேண்டியிருந்ததால், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று உறையில் போட்டு விளையாட்டு அறையில் வைத்துவிட்டுப் போனார். பயிற்சியாளர் கோதண்டபாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறையைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் கூட்டி, மறுநாள் காலையில் செல்வியைக் கூப்பிட்டார்.

"பத்துப் பேர் உனக்கு நூத்திப் பதினஞ்சுக்கு மேல போட்டிருக்குதுங்க. ஒருத்தி இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு கேள்விக்கும் ஒன்னு. இன்னாம்மா பண்ண அந்தப் பொண்ண?"

செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது. எழுதியிருந்த மை பச்சை. அணியில் பச்சை மை ஒரே ஒருத்தியிடம்தான் உண்டு. அரபு நாட்டில் வேலை பார்க்கும் நஃபீசாவின் அத்தா சிக்கந்தர் பாட்சா, போன தடவை வந்தபோது நாலு கலர் பேனா ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். நஃபீசா பிரியத்துக்காகவே பச்சையில் எழுதிக்கொண்டிருப்பாள்.

செல்விக்குக் காரணமும் உடனே கிடைத்தது. ஒரு வாரம் முன்பு பிராக்டிஸுக்குத் தாமதமாக வந்ததற்காக நஃபீசாவை ஒரு ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்திருந்தாள். அப்போது சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தவள் இப்படிப் பழி வாங்கியிருக்கிறாள். முகத்துக்கு நேரே சிரிப்பு, பேர் போடாத தாளில் இருபத்தைந்து. செல்வி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எல்லோர் வீட்டிலும் போய் வாதாடுகிறவள், நஃபீசாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நீயா எழுதின?" என்று இரண்டே சொல். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் என்று நான் நினைக்கிறேன். கோபத்தைவிடப் பயம்தான் மனுஷரை அதிகம் ஊமையாக்குகிறது.

அடுத்த பத்து நாள் பிராக்டிஸில் செல்வி கையைக் கோக்கவில்லை, விரல் நுனியை மட்டும் கொடுத்தாள்.

"இன்னா செல்வி, ஒடம்பு சரியில்லையா?" என்று நஃபீசா கேட்டாள்.

"ஒன்னும் இல்ல. நீ ஆட்டத்தைப் பாரு."

மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம் விழுப்புரத்தில் நடந்தது. போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் வந்து பார்க்கிறார் என்று பேச்சு. அவர் பார்க்க வந்தது நஃபீசாவின் கால் பிடியைத்தான். அதில் தேறிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம் என்று கோதண்டபாணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டாம் பாதியில் எதிரணியின் பெரிய உடம்புக்காரி பாடி வந்தாள். கார்னர் பக்கம் காலை நீட்டினாள். ஆட்டத்துக்காகக் கோத்திருந்த செல்வியின் கை பழக்கத்தில் நஃபீசாவின் உள்ளங்கையை இரண்டு தடவை அழுத்தியது. நஃபீசா இறங்கினாள், கணுக்கால் சரியாகக் கைக்குள் வந்தது. இப்போது செல்வி வளைக்க வேண்டும். வளைக்கவில்லை. அரை நொடி நின்றாள். அந்த அரை நொடியில் அவள் கண்ணில் இருந்தது பச்சை மை. அவள் போய்ச் சேர்வதற்குள் பெரிய உடம்புக்காரி திமிறித் திரும்ப, நஃபீசாவின் முழங்கால் அவள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சத்தம் நடுக்கோடு வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கோதண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா தனியாப் போயி எறங்கின?"

நஃபீசா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செல்வியைப் பார்த்தாள். "சிக்னல் வந்துச்சு சார். ரெண்டு தடவை அழுத்தினா."

எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள்.

"நான் அழுத்தவே இல்ல" என்றாள் செல்வி.

நஃபீசா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு, "அப்ப எனுக்குத் தான் அப்பிடித் தோணிச்சு போல" என்றாள். அவளுக்குச் செல்வியின் வார்த்தையைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. அதனால் தன் கையைச் சந்தேகித்தாள்.

காலில் ஆபரேஷன் நடந்தது. கபடி முடிந்தது, போலீஸ் வேலை முடிந்தது. ஒரு மாதம் கழித்து ஆராய்ச்சி மாணவர் மறுபடி அதே கேள்வித்தாள்களோடு வந்தார். போட்டிக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்பது அவர் கணக்கு. இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி வாசித்து, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பலகையில் எழுதிப் போட்டு விளக்கினார். படுக்கையில் கிடந்த நஃபீசாவைத் தவிர மற்றவர்கள் எழுதினார்கள். கோதண்டபாணி இந்த முறையும் கூட்டிப் பார்த்தார். பழைய இருபத்தைந்து எங்குமே இல்லை. எல்லாம் நூற்றிப் பதினைந்துக்கு மேல். கேப்டனின் தலைமைப் பண்பு உயர்ந்துவிட்டதாக ஆராய்ச்சியில் எழுதினார்கள். கால் உடைந்த ஒருத்தி அந்தச் சராசரியில் சேரவில்லை என்பதை எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது.

செல்விக்கு அது போதும். நஃபீசா இல்லை, இருபத்தைந்தும் இல்லை. அப்படியானால் எழுதியவள் அவள்தான். குற்ற உணர்ச்சி நெஞ்சைப் பிராண்டுகிற போதெல்லாம் இதை எடுத்துப் போட்டு மூடிக்கொண்டாள். நான் செய்தது தப்புதான், ஆனால் முதலில் முதுகில் குத்தியது யார்? இப்படியே படிப்பை முடித்தாள், விளையாட்டு ஆசிரியைப் பயிற்சி முடித்தாள், வேலையில் சேர்ந்தாள், ஸ்டீபன்ராஜைக் கட்டினாள், இரண்டு பிள்ளைகள் பெற்றாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிடும்போதும் இதைச் சொன்னதில்லை. ரம்ஜானுக்கு மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவதோடு சரி.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், பள்ளி அணிகளின் மன உறுதியை அளக்க ஒரு தொண்டு நிறுவனம் தாள்கள் அனுப்பியது. காலம் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. உங்கள் பயிற்சியாளருக்கு ஒன்றில் இருந்து ஐந்து வரை எண் கொடுங்கள் என்று இருந்தது. செல்வி வேண்டாவெறுப்பாகக் கொடுத்து, வேண்டாவெறுப்பாகத் திரும்ப வாங்கினாள். எட்டாம் வகுப்பு எலிசாவின் தாளில் கண் நின்றது. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று.

"இன்னாடி கோவம் என் மேல?"

எலிசா முழித்தாள். "கோவமா? இல்ல மிஸ். எல்லாத்துலயும் நீங்க தான ஃபர்ஸ்ட் ரேங்க்? அதான் ஒன்னு போட்டேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். செல்வி மைதானத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மாணவிகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பரீட்சை அட்டையில் ஒன்றாம் ரேங்க் வாங்கினால் தெருவே கூடிக் கொண்டாடுகிற ஊர் இது. இந்த ஊரில் ஒன்று என்று எழுதுகிற பிள்ளை எதை நினைத்து எழுதும் என்று மனசை அளக்க வந்தவர்களுக்கும் தோன்றவில்லை, கூட்டிப் பார்த்த கோதண்டபாணிக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

நஃபீசா கெட்டிக்காரி, இப்படித் தப்புப் பண்ண மாட்டாள். அப்படியானால் வேறு யார்? பிராக்ரஸ் கார்டில் முப்பத்தைந்தாவது ரேங்கைத் தாண்டி முன்னால் வந்ததே இல்லை என்று தன்னைத்தானே கேலி பேசிக்கொண்டிருந்த ஒருத்தி நினைவுக்கு வந்தாள். லூசியா இப்போது வானூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். செல்வி போன் போட்டாள்.

"அய்ய, அதை ஏன்க்கா கேக்கற" என்று லூசியா சிரித்தாள். "நான் லேட்டா வந்தனா, அந்த ஆளு சொன்னது எதுவும் காதுல வுழல. செல்விக்காவுக்கு எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்துடணும்னு ஒன்னு ஒன்னாப் போட்டுத் தள்ளினேன். ரெண்டாவது தடவை போர்டுல எழுதிப் போட்டப்ப தான் தப்புன்னு தெரிஞ்சுது. வெக்கமாப் போச்சு. யாரும் பாக்க மாட்டாங்கன்னு தான சொன்னாரு, வுட்டுட்டேன்."

"இன்னா பேனாவுல எழுதின?"

"நஃபீசாக்கா பேனா தான். பளபளன்னு இருக்கும் பாரு, அதைப் புடுங்கிக்கினேன். ஏன்க்கா, இத்தினி வருஷம் கழிச்சு?"

செல்வி போனை வைத்தாள். இத்தனை நாள் போர்த்தியிருந்த போர்வையை யாரோ உருவிவிட்டார்கள். உள்ளே இருந்தது அரை நொடி நின்ற ஒருத்தியும், ஆஸ்பத்திரியில் பொய் சொன்ன ஒருத்தியும்தான். முதலில் முதுகில் குத்தியவர் என்று காட்ட ஆளே இல்லை. சொல்லாமல் இருந்தால் நஃபீசா சாகும் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு இருப்பாள், அந்த வீடே செல்வியைத் தங்கை மாதிரி நடத்தும். சொன்னால் அந்த வீட்டு வாசல் அவ்வளவுதான். மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதக்கூட அவளுக்கு மூச்சு வரவில்லை. சனிக்கிழமை காலையில் கையில் ஆப்பிள் இல்லாமல் கோட்டக்குப்பம் போனாள்.

நஃபீசா தனியாக இருந்தாள். கணவர் முஜிபுர் ரஹ்மான் வெளிநாட்டில், மகள் டியூஷனில். "இன்னாடி, பெருநாளும் இல்ல ஒன்னும் இல்ல? உள்ள வா. சாப்ட்டியா?" என்று காலை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

செல்வி உட்காராமலேயே சொன்னாள். கோதண்டபாணி காட்டிய தாள், பச்சை மை, அரை நொடி, லூசியா எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "நான் ரெண்டு தடவை அழுத்தினேன் நஃபீசா. அழுத்திட்டு வரல. ஆஸ்பத்திரில பொய் சொன்னேன்" என்றாள். அழுகை வந்தது. அழ அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றி அடக்கிக்கொண்டாள்.

நஃபீசா நாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போய்விட்டாள்.

"பேனாவை லூசியா புடுங்கிக்கினா" என்றாள் பிறகு, ரொம்ப மெதுவாக. "நான் அந்த ஆளுகிட்ட பென்சில் வாங்கி எழுதினேன். எல்லாத்துக்கும் அஞ்சு. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கை தயங்கிச்சு. 'விசாரிக்காமல் யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டார்'னு இருந்துச்சு. அதுக்கு மூணு போட்டேன். அப்பறம் மனசு கேக்கல. அழிச்சிட்டு அஞ்சாக்கினேன்."

செல்வி கிட்டே போய் நின்றாள்.

நஃபீசா நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கையை நீட்டினாள். "அன்னிக்கு எப்பிடி அழுத்தினியோ அப்பிடி அழுத்து."

"வேணாம்டி."

"அழுத்து செல்வி."

செல்வி அந்தக் கையைக் கோத்தாள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு முழுசாகக் கோத்தாள். உள்ளங்கையை இரண்டு தடவை அழுத்தினாள்.

நஃபீசா கண்ணை மூடினாள். "இதே தான்" என்றாள். "எனுக்குத் தெரியும். அப்பவே தெரியும். நீ இல்லன்னு சொன்னியேன்னு என் கையவே நான் நம்பாத வுட்டுட்டேன். அடுப்பை அணைச்சேனா, கதவைச் சாத்தினேனான்னு பதினாறு வருஷமா ஊரையெல்லாம் கேட்டுக்கினு கெடக்கிறேன். கால் போனது போவட்டும். கால் போனா நாற்காலி இருக்குது."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"சிலிண்டர் மூடித் தான் இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு செல்வியைப் பார்த்து, "பெருநாளுக்கு இனிமே வராத" என்றாள்.

செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். எப்போதும் பஸ் நிறுத்தம் வரைக்கும் காலை இழுத்துக்கொண்டே கூட வருகிறவள், இன்றைக்குக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நிறுத்தத்தில் திண்டிவனம் போக ஒரு பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, செல்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.